எட்டாம் ஹென்றியின் ஆறு ராணிகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி என்றதும் ஆறு கல்யாணம்தான் நினைவுக்கு வரும். அந்த ஆறு பேரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு பத்தி எழுதுவதுதான் முதல் தவறு. அராகன் கேத்தரினை அவர் மணந்தது 1509 ஜூனில். அந்தத் திருமணம் 1533 வரை, ஏறக்குறைய 24 ஆண்டு நீடித்தது. மற்ற ஐந்தையும் கூட்டினாலும் பத்து ஆண்டுக்குச் சற்றே மேல்தான் வரும். 1513-ல் ஹென்றி பிரான்சில் போரிடப் போனபோது இங்கிலாந்தைப் பார்த்துக்கொண்டவர் கேத்தரின். ஃபிளாடன் களத்தில் ஸ்காட்லாந்துப் படை தோற்றது அப்போதுதான். அப்படிப்பட்டவரை 'தள்ளிவைக்கப்பட்ட முதல் மனைவி' என்று ஒரே வரியில் முடிப்பது அநியாயம்.

அடுத்து 'விவாகரத்து' என்ற சொல். எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் அது சரியில்லை. ஹென்றி கேட்டது 'இந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது' என்ற தீர்ப்பை. கேத்தரின் அவருக்கு அண்ணியாக இருந்தவர். அண்ணன் ஆர்தர் 1502-ல் இறந்துபோனார். அண்ணன் மனைவியை மணப்பது வேதத்துக்கு விரோதம் என்று, இத்தனை ஆண்டு கழித்து ஹென்றி வாதாடினார். இரண்டாம் ஜூலியஸ் என்ற போப் முன்பே தந்திருந்த அனுமதியே செல்லாது என்றார். ரோம் இணங்கவில்லை. 1533 மே மாதம் கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர்தான் அந்தத் தீர்ப்பைச் சொன்னார். விவாகரத்து என்றால் நடந்த கல்யாணம் முறிந்தது என்றாகும். இங்கே கல்யாணமே நடக்கவில்லை என்றாகிவிட்டது. அதனால்தான் மகள் மேரி முறைப்படி பிறக்காதவள் என்று ஒதுக்கப்பட்டார். ஒரு சொல்லைத் தவறாகப் போட்டால் அந்தப் பெண்ணுக்கு நடந்ததே விளங்காமல் போகும்.

இரண்டாம் மனைவி ஆன் பொலின் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. மன்னருக்குத் துரோகம் செய்து பிற ஆண்களோடு பழகினார் என்று தண்டித்தார்கள். 1536 மே 17 அன்று அவர் திருமணமும் செல்லாது என்றார்கள், 19 அன்று தலையை வெட்டினார்கள். மனைவியே இல்லை என்றால் கணவனுக்குத் துரோகம் எங்கிருந்து வந்தது? வெட்டியது கோடரியால் என்று எழுதாதீர்கள். அதற்கென்றே வரவழைத்த ஒருவர் வாளால் வெட்டினார். கையில் ஆறு விரல் என்ற கதை, அவர் இறந்து பல காலம் கழித்து எதிர்த்தரப்புக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் எழுதியது. அதை விட்டுவிடுங்கள்.

பெயர்க் குழப்பம் சாதாரணமாக நடப்பது. மூன்று கேத்தரின், இரண்டு ஆன். அராகன், ஹோவர்ட், பார், பொலின், கிளீவ்ஸ் என்று ஒவ்வொரு முறையும் சேர்த்தே எழுதுங்கள். மூன்றாம் மனைவி ஜேன் சீமோரையும், 1553-ல் சில நாள் ராணியாக இருந்த ஜேன் கிரேயையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். வயிற்றைக் கிழித்து மகன் எட்வர்டை எடுத்ததால் சீமோர் இறந்தார் என்பதும் நம்பத்தக்கதல்ல. பிரசவமாகி 12 நாள் உயிரோடு இருந்தார்.

போப்பின் ரோம் திருச்சபையோடு உறவை முறித்ததால் ஹென்றி சீர்திருத்தக் கிறிஸ்தவர் (புராட்டஸ்டன்ட்) ஆகிவிட்டார் என்பதும் தவறு. 1539-ல் அவர் கொண்டுவந்த ஆறு விதிகள் பழைய கத்தோலிக்க நம்பிக்கைகள் பலவற்றைக் காத்தன.

கடைசியாக, ஆறாம் மனைவியைப் பற்றி எழுதும் 'கேத்தரின் பார் மட்டும் தப்பித்தார்' என்ற வரி. ஹென்றி 1547 ஜனவரியில் இறந்தார். பார் மறுமணம் செய்து, 1548 செப்டம்பரில் பிரசவத்தை அடுத்து இறந்துபோனார். ஆறே மாதத்தில் திருமணம் செல்லாது என்று விலக்கப்பட்ட நான்காம் மனைவி கிளீவ்ஸ் ஆன், 'மன்னரின் அன்புச் சகோதரி' என்ற மரியாதையோடும் சொத்துகளோடும் இங்கிலாந்திலேயே வாழ்ந்தார். 1557 வரை இருந்து, ஆறு பேரில் கடைசியாகக் கண்மூடியவர் அவர்தான்.