எம்பிஐ மூடியாச்சா? பார்த்துவிட்டு விடுவியுங்கள்

எம்பிஐ (MPI) என்பது பல பிராசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிச் சேர்ந்து கணக்கிட உதவும் முறை. சி++ டிஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) கம்யூனிகேட்டரை, அதாவது தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பிராசஸ் குழுவை, விடுவிக்கும் எம்பிஐ_காம்_ஃப்ரீ (MPI_Comm_free) கூப்பிடும் முன், எம்பிஐ மூடப்பட்டதா என்று சொல்லும் எம்பிஐ_ஃபைனலைஸ்டு (MPI_Finalized) கூப்பிட்டு, ஃபிளாக் 0 என்று வந்தால் மட்டும் விடுவியுங்கள். குளோபல், ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட்டுகளின் டிஸ்ட்ரக்டர் மெயின் முடிந்த பிறகுதான் ஓடும். பெரும்பாலும் அதற்குள் எம்பிஐ-யை மூடும் எம்பிஐ_ஃபைனலைஸ் (MPI_Finalize) முடிந்திருக்கும். அப்புறம் கம்யூனிகேட்டரைத் தொட்டால், கணக்கெல்லாம் சரியாக முடிந்த ஜாபும் கடைசி நொடியில் பிழையோடு விழலாம். ஆனால் எம்பிஐ_ஃபைனலைஸ்டை எம்பிஐ தொடங்கும் முன்பும் மூடிய பின்பும் தாராளமாகக் கூப்பிடலாம். இதற்குப் பதிலாக, எம்பிஐ தொடங்கப்பட்டதா என்று சொல்லும் எம்பிஐ_இனிஷியலைஸ்டை (MPI_Initialized) நம்பாதீர்கள், மூடிய பிறகும் அது ஆம் என்றே சொல்லும்.

மற்ற ரேங்குகள் (சேர்ந்து ஓடும் மற்ற பிராசஸ்கள்) மூடிவிட்டனவா என்று அறிய எம்பிஐ_ஃபைனலைஸ்டு உதவாது. தன் பிராசஸின் நிலையை மட்டுமே சொல்லும். எம்பிஐ-யைத் தனித்தனி செஷன்களாகத் தொடங்கி மூடும், எம்பிஐ 4.0-இல் வந்த செஷன் முறையில் எழுதினால், செஷன் முடிந்ததா என்பதை இது சொல்லாது, நீங்களே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.