கூட்டாக ஒரு கணிப்பு நூல்: தொடங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் செய்யும் விஞ்ஞானக் கணிப்புக்கான திறந்த மூல மென்பொருள்களைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுத நாலைந்து பேர் கூடினால், பெரும்பாலும் முதல் கூட்டத்திலேயே பெரிய தவறு நடந்துவிடுகிறது. “நீங்கள் ஒக்டேவ், நான் பைத்தன், அவர் ஆர், மற்றவர் மாக்சிமா” என்று மென்பொருள்வாரியாக அத்தியாயங்களைப் பங்கு போட்டுவிடுவார்கள். பிரிக்கச் சுலபம்தான். ஆனால் நான்கு அத்தியாயமும் நிறுவுவது எப்படி என்று தொடங்கி, ஒரு வரைபு கீறி முடியும். இவற்றில் எதை எப்போது எடுப்பது என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் மாணவி கேட்டால், அந்த நூலில் பதில் இராது.

கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒக்டேவ் பிறந்ததே அப்படித்தான். 1988 அளவில் அமெரிக்காவில், இரசாயனத் தாக்க உலைகளை வடிவமைப்பது பற்றிய ஒரு பாடநூலுக்குத் துணையாகத்தான் அது நினைக்கப்பட்டது. ஜோன் ஈட்டன் அதை முழுமூச்சாக எழுதத் தொடங்கியது 1992இல்.

எங்களுக்கும் நல்ல கணக்கு கைவசம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் யாழ் குடாநாட்டில் ஆறில்லை. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான். அந்த நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. அடர்த்தியை முறையே 1.000, 1.025 என்று எடுத்தால், கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் கீழே சுமார் 40 மீற்றர் நன்னீர் இருக்க வேண்டும். கிபென்–ஹெர்ஸ்பேர்க் தொடர்பு என்பது இதுதான். ஒரு பிரித்தலோடு முடிந்துவிடும். வெடிப்பும் குகையுமாக இருக்கும் எங்கள் சுண்ணக்கல்லில் இது அப்படியே பொருந்தாது. எங்கே பொருந்தாமல் போகிறது என்று தேடப் போனால் கிணற்று அளவீடு, புள்ளிவிபரம், வகையீட்டுச் சமன்பாடு, எண்முறைத் தீர்வு என்று அரை நூல் வந்துவிடும். சமன்பாட்டைக் குறியீடாகச் சுருக்க மாக்சிமா, எண்களாகத் தீர்க்க ஒக்டேவ் அல்லது பைத்தன், அளவீடுகளை அலச ஆர் என்று, எது எங்கே உதவும் என்பதும் வாசிக்கும்போதே விளங்கும்.

அடுத்தது எழுத்துரு. இங்கே இன்னும் பலர் பாமினியில்தான் தட்டச்சுச் செய்கிறார்கள். அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், அத்தியாயத்தை யூனிகோட்டுக்கு மாற்றும்போது நிரல் வரிகளும் சேர்ந்து தமிழ்க் குப்பையாகிவிடும். வேர்டிலும் ஆபத்து உண்டு: நேரான மேற்கோள்குறியை அது வளைத்துவிடும், வாசகர் நிரலைப் பிரதிசெய்து ஓட்டினால் பிழை காட்டும். ஆகவே யூனிகோட், எளிய உரைக் கோப்பு, எல்லோருக்கும் ஒரே கிட் களஞ்சியம் (கோப்புகளில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று பதிவுசெய்து வைப்பது) என்று முதல் நாளே முடிவெடுங்கள். சமன்பாடுகள் நிறைந்த நூல்களுக்கு உகந்த லாடெக் மென்பொருளில் பக்கம் அமைப்பதென்றால், யூனிகோட் தமிழை நேரடியாகக் கையாளும் சீலாடெக் அல்லது லுவாலாடெக். பழைய பிடிஎஃப்லாடெக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். சரி, கிட் பழக்கமில்லாத மூத்த ஆசிரியர்கள்? அவர்களைத் தயவுசெய்து விலக்கிவிடாதீர்கள். அச்சுப் பிரதியில் பேனையால் திருத்தித் தரட்டும், ஓர் இளையவர் ஏற்றிவிடலாம்.

கலைச்சொற்களையும் அப்போதே கதைத்து முடியுங்கள். மாட்ரிக்ஸ், வெக்டர் என்பவை எங்கள் இலங்கைப் பாடநூல்களில் தாயம், காவி. தமிழ்நாட்டில் அணி, திசையன். ஒன்றைத் தேர்ந்து, மற்றதைச் சொல்லடைவில் போட்டால் போதும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த டொக்டர் கிறீனும் நூல்களை மொழிபெயர்த்ததோடு சொற்பட்டியல்களும் தொகுத்தார்.

மென்பொருளின் பதிப்பு எண்ணைக் குறிக்காமல் விடாதீர்கள். 2024 ஜூனில், பைத்தனில் எண்கணிப்புக்கான நிரல் தொகுப்பாகிய நம்பையின் 2.0 பதிப்பு வந்தபோது பழைய பெயர்கள் பல நீக்கப்பட்டன. சரிவக விதிப்படி தொகையிடும் சார்புக்குக்கூடப் புதுப் பெயர் வந்தது. நிரல்களைத் தனிக் கோப்புகளாக வைத்து, கோப்புகளிலிருந்து நூலின் பிரதியை உருவாக்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது, உரிமம் பற்றிய பேச்சைக் கடைசிக்குத் தள்ளுவது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே பதிப்புரிமை எழுதியவருக்குச் சேர்ந்துவிடும், பதிவு தேவையில்லை. அவருடைய ஆயுட்காலம் முழுக்கவும் அப்புறம் 70 ஆண்டும் அது நீடிக்கும். அவர் கனடாவுக்குப் போய்த் தொடர்பு விட்டுப்போனால், அவருடைய அத்தியாயத்தைத் திருத்தி மறுபதிப்பிட அனுமதி கேட்க ஆளில்லை. எழுதத் தொடங்குமுன்னரே எல்லோரும் ஒப்புக்கொண்ட உரிமம் இருக்க வேண்டும். உரைக்குக் கிரியேட்டிவ் கொமன்ஸின் ‘பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல் 4.0’, நிரல்களுக்கு எம்.ஐ.டி. உரிமம் என்பது என் தெரிவு. வணிகத் தடையும் சேர்ப்போம் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சேர்த்தால், நூலின் பந்திகளை அந்த உரிமத்தின் கீழ் விக்கிப்பீடியாவில் சேர்க்க முடியாது. அச்சிட்டு விற்க நினைக்கும் சிறிய அச்சகமும் தயங்கும்.

எல்லா அத்தியாயமும் முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மூன்று அத்தியாயம் உருப்படியாக வந்ததும், கடைசித் தீர்மானம் எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்து, மாணவர்களிடம் வாசிக்க விடுங்கள். பிடிஎஃப் பிரதியை நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்துக்கும் அனுப்புங்கள். மூலக் கோப்புகளைக் களஞ்சியத்தில் திறந்தே வைத்தால், அடுத்த வருடம் இன்னொருவர் நான்காம் அத்தியாயத்தை எழுதலாம்.