கோப்பின் பெயரில் மேற்கோள்குறி இருந்தாலும் கட்டளை உடையாமல் ஓட

அம்மா'ஸ் கிச்சன் & கேட்டரிங் என்று ஒரு கோப்பு. இந்தப் பெயரை அப்படியே ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) கட்டளைக்குள் ஒட்டினால், லினக்ஸில் பரவலான பாஷ் ஷெல் அந்த ஒற்றை மேற்கோளுக்கு ஜோடி தேடிக்கொண்டு நிற்கும். விண்டோஸின் சிஎம்டியோ & குறிக்குப் பின்னால் வருவதைத் தனிக் கட்டளையாகவே ஓட்டப் பார்க்கும். பெயர் வைத்தவர் வெளியாள் என்றால் அங்கே எந்தக் கட்டளையும் இருக்கலாம்.

படி 1: ஷெல்லைத் தவிருங்கள். பைத்தானின் சப்பிராசஸ்.ரன்னுக்கு ஆர்கியூமென்ட்களை (நிரலுக்குத் தரும் மதிப்புகளை) பட்டியலாகக் கொடுங்கள்; ஷெல்=ட்ரூ வேண்டவே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோடில் எக்ஸெக்கை விட்டு எக்ஸெக்ஃபைல். லினக்ஸிலும் மேக்கிலும் பட்டியலின் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகவே நிரலுக்குப் போய்ச் சேரும். ஆனால் பெயர் - குறியில் தொடங்கினால் நிரல் அதை ஆப்ஷன் என்று நினைக்கும். அதற்கு முன்னால் -- சேருங்கள், அல்லது பெயரை ./ என்று தொடங்குங்கள்.

படி 2: எஸ்எஸ்எச் (வேறு கணினியில் கட்டளை ஓட்டும் வழி) மூலம் ஓட்டினால் பட்டியல் மட்டும் போதாது. அது எல்லாவற்றையும் ஒரே வரியாக்கி அனுப்ப, அந்தப் பக்கத்து ஷெல் மறுபடி பிரிக்கும். அங்கே பைத்தானின் ஷ்லெக்ஸ்.கோட் பயன்படுத்துங்கள். அது முழுப் பெயரையும் ஒற்றை மேற்கோளில் அடைக்கும். கையால் எழுதினால் உள்ளிருக்கும் ' ஒவ்வொன்றையும் '\'' என்று மாற்றுங்கள்:

'அம்மா'\''ஸ் கிச்சன் & கேட்டரிங்'

இது பாஷ் வகை ஷெல்களுக்கு மட்டும். சிஎம்டிக்கு ஒற்றை மேற்கோள் வெறும் எழுத்துதான்.

படி 3: பலரும் மாட்டிக்கொள்ளும் இடம், விண்டோஸ். அங்கே நிரலுக்குப் போவது ஒரே நீள வரி. அதைப் பிரிப்பது அந்தந்த நிரலின் பொறுப்பு. இதைப் பாருங்கள்:

"டி:\என் படங்கள்\" "வெளியீடு"

இரண்டு ஆர்கியூமென்ட் போலத் தெரிகிறது. ஆனால் பெரும்பாலான நிரல்கள் பின்பற்றும் மைக்ரோசாஃப்ட் சி விதிப்படி \" என்பது சாதாரண மேற்கோள் எழுத்து. ஆகவே நிரலுக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று:

டி:\என் படங்கள்" வெளியீடு

மூடும் மேற்கோளை ஒட்டி வரும் பேக்ஸ்லாஷை மட்டும் இரட்டியுங்கள்: "டி:\என் படங்கள்\\". நடுவில் இருப்பவற்றைத் தொடவேண்டாம். பைத்தானில் பட்டியல் கொடுத்தால் அதுவே இதைச் செய்துவிடும்.

படி 4: பேட், சிஎம்டி கோப்புகளுக்கு (விண்டோஸ் கட்டளைத் தொகுப்புகள்) வெளியார் தரும் மதிப்பை அனுப்பாதீர்கள். நீங்கள் ஷெல் கேட்காவிட்டாலும் விண்டோஸ் சத்தமில்லாமல் சிஎம்டியைக் கூப்பிடும். அது %பாத்% போன்ற மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள்ளும் விரித்துவிடும். ரஸ்ட் மொழியின் 1.77.2 பதிப்பு 2024 ஏப்ரலில் வந்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். உள்ளே ஓடும் எக்ஸி கோப்பை நேரடியாக அழைப்பதே நல்லது.

விண்டோஸின் இன்னொரு ஷெல்லான பவர்ஷெல்லில் ஒற்றை மேற்கோளுக்குள் ' வந்தால் '' என்று இரட்டித்தால் போதும். 5.1 பதிப்பு, வெளி நிரலுக்குப் போகும் மதிப்பின் உள்ளிருக்கும் " குறிகளைத் தொலைத்துவிடும், 7.3-க்குப் பிந்தைய பதிப்புக்கு மாறிவிடுங்கள்.

பின்சேர்க்கை: பிஎச்பியின் எஸ்கேப்ஷெல்ஆர்க், லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) 'சி' என்றிருந்தால் தமிழ் எழுத்துகளையே உதிர்த்துவிடும், கோப்பு காணவில்லை என்று பிழை வரும். அதற்கு முன்பே செட்லொகேல் மூலம் எல்சி_சிடைப்பை யுடிஎஃப்-8 லொகேலுக்கு மாற்றுங்கள். பிஎச்பி 7.4 முதல் பிராக்_ஓப்பன் பட்டியலை ஏற்கிறது. அதைப் பயன்படுத்தினால் எஸ்கேப்ஷெல்ஆர்க்கே தேவைப்படாது.