பழைய இங்க் பேனாவுக்கு இப்ப வராத கார்ட்ரிட்ஜை எப்படித் தேடுறது?

பழைய பேனா ஒண்ணு கைக்கு வந்ததும் நிறைய பேர் பண்றது என்னன்னா, மூடியில இருக்கிற கம்பெனி பேரைப் பார்த்துட்டு அதே கம்பெனி கார்ட்ரிட்ஜ் (உள்ள மாட்டுற, இங்க் அடைச்ச குட்டி பிளாஸ்டிக் குப்பி) ஒரு பாக்கெட் வாங்கிடுவாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். சில பேனாவுக்கு அது சரியா வரும், பார்க்கர் 45 எடுத்துக்கோங்க, 1960ல வந்த பேனா, இன்னிக்குக் கடையில விக்கிற பார்க்கர் கார்ட்ரிட்ஜ் அதுல அப்படியே உட்காரும். ஆனா 1950கள்ல வந்த வாட்டர்மேன் சி/எஃப் பேனாவுக்குன்னே தனியா ஒரு கார்ட்ரிட்ஜ் இருந்துச்சு, அதை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு, இப்ப வாட்டர்மேன் பேர்லயே வர்ற கார்ட்ரிட்ஜ் அதுல சேரவே சேராது. அதனால பேரை விடுங்க, அளவைப் பிடிங்க.

1. முதல்ல அது கார்ட்ரிட்ஜ் பேனாதானான்னு பாருங்க

பேரலை, அதாவது பேனாவோட பின்பக்க உடலைக் கழட்டுங்க. உள்ள கழுத்துப் பகுதியில கூரா ஒரு குட்டிக் குழாய் நீட்டிட்டு இருந்தா கார்ட்ரிட்ஜ் பேனா, அந்தக் குழாய்தான் கார்ட்ரிட்ஜ் வாயைக் குத்தித் திறக்கும். ரப்பர் பையோ, பக்கத்துல லீவரோ, பின்னாடி சுத்துற பிஸ்டனோ இருந்தா அது பாட்டில் இங்க்ல நேரா நிரப்புற பேனா, உங்களுக்குத் தேடுற வேலையே இல்ல. பார்க்கர் 51ல ஒரு வகையில உள்ள மெட்டல் உறை ஒண்ணு இருக்கும், பார்த்தா இழுத்தா வந்துடும் போலத் தெரியும், தயவுசெஞ்சு இழுக்காதீங்க, அது பேனாவோட சேர்ந்தது.

2. கழுவுங்க

தேடுறதுக்கு முன்னாடி எதுக்குக் கழுவணும்னு தோணும். பழைய கார்ட்ரிட்ஜோட வாய் உடைஞ்சு ஒரு சின்ன வளையமா அந்தக் குழாயைச் சுத்தி ஒட்டிக்கிட்டு இருக்கலாம், மேல இங்க் காஞ்சு கிடக்கிறதால கண்ணுக்கே தெரியாது, அப்புறம் சரியான கார்ட்ரிட்ஜ் வாங்கினாலும் உள்ள போகாம அளவு தப்புன்னு நினைச்சுடுவோம். கழுத்துப் பகுதியை மட்டும் சாதாரண தண்ணியில ஒரு ராத்திரி ஊற வைங்க. சுடுதண்ணி வேண்டவே வேண்டாம், எபோனைட்ங்கிற கெட்டி ரப்பர்ல செஞ்ச பேனாவா இருந்தா நிறம் போயிடும். ஸ்பிரிட்டும் கூடாது, செல்லுலாய்டுங்கிற பழைய வகை பிளாஸ்டிக்கை அது அரிச்சுடும்.

3. அளவு எடுங்க

வெர்னியர் காலிப்பர் இருந்தா நல்லது. மூணு அளவு வேணும்: குழாயோட வெளி விட்டம், பேரலோட உள் விட்டம், பேரலுக்குள்ள எவ்வளவு நீளம் இடம் இருக்குங்கிறது. கடைசி அளவுக்கு ஒரு மெல்லிய குச்சியை உள்ள விட்டு அடையாளம் பண்ணிக்கிட்டா போதும்.

இப்ப ஸ்டாண்டர்ட் இன்டர்நேஷனல் கார்ட்ரிட்ஜ், அதாவது பல கம்பெனி பேனாவுக்கும் பொதுவா வர்ற அளவு, ஒண்ணு எடுங்க. சின்னது சுமார் 38 மி.மீ., பெருசு சுமார் 72 மி.மீ. நீளம். சின்னதை நேரா பிடிச்சு மெதுவா அழுத்துங்க. 'டக்'னு குத்திக்கிட்டு ஆடாம நின்னா உங்க தேடல் இங்கேயே முடிஞ்சுது. லேசா ஆடினாலோ, பலம் போட்டு அழுத்த வேண்டி வந்தாலோ அப்படியே நிறுத்திடுங்க. நான் ஒரு தடவை லேசா ஆடுதுன்னு தெரிஞ்சும் பரவாயில்லன்னு போட்டேன், ரெண்டு மணி நேரத்துல சட்டைப் பை முழுக்க நீலம், அதை விட மோசம் என்னன்னா பேரலுக்குள்ள இங்க் போய் மறை எல்லாம் காஞ்சு இறுகிப் போச்சு.

4. இப்ப தேடுங்க

வெறும் கம்பெனி பேரைப் போட்டுத் தேடினா இப்பத்திய சரக்குதான் வரும். பேனாவோட மாடல் பேரும் கார்ட்ரிட்ஜுங்கிற வார்த்தையும் சேர்த்துப் போடுங்க, கூட 'நியூ ஓல்ட் ஸ்டாக்'னும் போடுங்க, பழைய கடையில விக்காம தங்கிப்போன சரக்கை விக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஈபே மாதிரி இடங்கள்ல கிடைக்கும், பழைய பேனா ரிப்பேர் பண்றவங்க கிட்டயும் கேளுங்க. வாங்குறதுக்கு முன்னாடி கார்ட்ரிட்ஜ் வாய்ப்பக்கத்தை ஒரு ஸ்கேல் பக்கத்துல வெச்சு போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

முக்கியமான விஷயம், நீங்க தேடுறது இங்க் இல்ல, அந்தக் காலி பிளாஸ்டிக் குப்பி. திறக்காத கார்ட்ரிட்ஜா இருந்தாலும் பல வருஷத்துல தண்ணி பிளாஸ்டிக் வழியாவே கொஞ்சம் கொஞ்சமா ஆவியாயிடும், வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா அடியில கெட்டியா கறுப்பா ஒரு படிவு, ஆட்டினா லேசா நகரும், அவ்வளவுதான் மிச்சம். அந்த இங்க்கைப் பேனாவுக்குள்ள விடாதீங்க, கழுவி ஊத்திடுங்க. அதனால 'காஞ்சுபோச்சு'ன்னு விலை குறைச்சு விக்கிறதை நீங்க தைரியமா வாங்கலாம், பயன்படுத்தின காலி கார்ட்ரிட்ஜ் கூட ஓகே. இன்னொரு வழி, அதே மாடல்ல நிப்பு உடைஞ்ச பேனா மலிவா வரும், உள்ள பழைய கார்ட்ரிட்ஜோ, அதிர்ஷ்டம் இருந்தா கன்வெர்ட்டரோ (கார்ட்ரிட்ஜ் இடத்துல மாட்டி பாட்டில் இங்க்கை உறிஞ்சிக்கிற குட்டிக் கருவி) அப்படியே இருக்கும். கன்வெர்ட்டர் மாட்டினா கார்ட்ரிட்ஜ் கவலையே விட்டுச்சு.

5. நிரப்புறது

முனை மழுங்கின ஊசி போட்ட சிரிஞ்ச் வாங்கிக்கோங்க. குப்பியை நிமிர்த்திப் பிடிச்சு, ஊசியை அடிவரைக்கும் விட்டு, இங்க் ஏற ஏற ஊசியையும் மேல தூக்கிட்டே வாங்க, அப்பதான் காத்துக் குமிழ் நடுவுல மாட்டாது. வாய் வரைக்கும் நிரப்பாம கொஞ்சம் கீழயே நிறுத்துங்க. இங்க் பேனாவுக்கான இங்க் மட்டும்தான், படம் வரையுற இண்டியன் இங்க்ல அரக்கு இருக்கும், காஞ்சா பேனாவே போச்சு.

மாட்டினதும் வாயைச் சுத்தி ஒரு டிஷ்யூவை ஒத்திப் பாருங்க. ஈரம் தெரியலன்னா பேனாவை மூடி போட்டு நிப்பு கீழ இருக்கிற மாதிரி ஒரு டம்ளர்ல ராத்திரி முழுக்க வெச்சுட்டு காலையில இன்னொரு தடவை ஒத்திப் பாருங்க. பல தடவை கழட்டி மாட்டினா வாய் தளர்ந்துடும், அதனால ஒரே குப்பியையே திரும்பத் திரும்பக் கழட்டி மாட்டாம இருக்க ரெண்டு மூணு குப்பியாவது கையில வெச்சுக்கோங்க.

6. கிடைக்கவே இல்லன்னா

பேரல் முழுக்க பிளாஸ்டிக்கா இருந்து எங்கயும் ஓட்டை இல்லன்னா பேரலுக்குள்ளயே நேரா இங்க் ஊத்தி எழுதலாம். மறையில சிலிக்கான் கிரீஸ் தடவி, ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டு இறுக்குங்க. உள்ள மெட்டல் இருந்தா செய்யாதீங்க, துருப்பிடிக்கும். இங்க் பாதிக்குக் கீழ போனதும் திரும்ப நிரப்பிடுங்க, ஏன்னா காலியான இடத்துல இருக்கிற காத்து கைச்சூட்டுல விரிஞ்சு, எழுதிட்டு இருக்கும்போதே நிப்பு வழியா ஒரு சொட்டைப் பேப்பர்ல தள்ளிடும்.