எலி மருந்து வைக்காமல் எலியை நிறுத்திய விதம்

நாயும் பூனையும் வளரும் எங்கள் வீட்டில் எலித் தொல்லை மிகுந்தபோது, கடையில் கிடைக்கும் ப்ரோமாடியோலோன் கட்டியை வைப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தேன். அது வைட்டமின் கே மறுசுழற்சியைத் தடுத்து இரத்தம் உறைவதைக் கெடுக்கும் நஞ்சு. அதைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள்கள் வழக்கம்போல ஓடியாடிவிட்டு, அதன் பிறகே ஈறு வெளுத்துச் சோர்ந்து விழும் என்பதுதான் கொடுமை.

எலி நுழையும் வழியைத் தேடியபோது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கழிவுநீர்க் குழாயைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அதில் இறுக்கித் திணித்து, மேலே சிமெண்ட் பூசினேன். உள்ளே தங்கிவிட்டவற்றுக்குக் கூண்டுப் பொறியும் சுட்ட தேங்காய்ச் சில்லும் போதுமானவையாக இருந்தன.

கையோடு கறுப்பு ஃபினாயிலையும் நிறுத்திவிட்டேன். அதில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே அது உள்ளே போய்விடும். இதே குறைபாட்டால் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், மேசைமேல் கிடந்த அட்டைகளெல்லாம் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்குப் போயின.

பக்கத்து வீட்டில் மருந்து வைப்பதை நம்மால் தடுக்க இயலாது. ஆகவே என்ன மருந்து என்று கேட்டு, அதன் உறையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்; ப்ரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே1 நச்சுமுறிவு மருந்தாக உண்டு, துத்தநாக பாஸ்பைடு என்ற இன்னொரு எலி மருந்துக்கு அப்படி எதுவும் இல்லை என்பதால், கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான்.