யோகா ஸ்டூடியோ பேர் போட்டு என்ன அடிக்கலாம்?

ஜூன் 21 யோகா தினம் நெருங்குதுன்னா ஸ்டூடியோ நடத்துறவங்க எல்லாருக்கும் இதே யோசனைதான், நம்ம பேர் போட்டு என்ன அடிக்கலாம், எதை விக்கலாம், எதை சும்மா குடுக்கலாம்னு. பேனா, கீசெயின், மக் இதுலலாம் காசைப் போடாதீங்க, வாங்கிட்டுப் போய் ஒரு மூலையில வச்சிடுவாங்க. கிளாஸ்ல தினமும் உடம்புல படுற பொருளா பாருங்க.

டி-ஷர்ட்தான் முதல்ல எல்லாரும் கேப்பாங்க, நான் நஷ்டப்பட்டதும் அதுலதான். முதல் தடவை நெஞ்சு முழுக்க பெரிய ரப்பர் பிரிண்ட் போட்டு 60 பீஸ் எடுத்தேன், பாக்க அழகா இருந்துச்சு, ஆனா அந்த பிரிண்ட் இருக்கிற இடத்துல காத்தே போகாது, புஜங்காசனத்துக்கு குப்புறப் படுத்து எந்திரிச்சா வேர்வையில துணி நெஞ்சோட ஒட்டிக்குது, ஒரு அக்கா மறுநாளே பழைய காட்டன் டாப்ஸுக்கு மாறிட்டாங்க. இப்போ திருப்பூர்ல 180 ஜிஎஸ்எம் (துணியோட கனத்தைச் சொல்ற அளவு) காட்டன் எடுத்து, பின்கழுத்துக்குக் கீழ மட்டும் சின்னதா ஒரே கலர்ல லோகோ போடுறேன். ஸ்க்ரீன் பிரிண்ட்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்க்ரீன் போடணும், அதனால ஒரு கலர்னா செலவும் கம்மி. லூஸா இருந்தா, கையும் காலும் ஊணி இடுப்பைத் தூக்கி தலையைக் கீழ விடுற அதோமுக ஸ்வானாசனத்துல சட்டை சரிஞ்சு மூஞ்சிக்கு வந்துடும், லேடீஸுக்கு நீளம் கொஞ்சம் கூட வச்சு சொல்லுங்க. சாம்பிள் ஒண்ணு வாங்கி நாலஞ்சு தடவை துவைச்சுப் பாக்காம ஆர்டர் குடுக்கவே குடுக்காதீங்க.

யோகா மேட்ல லோகோவை நடுவுலயோ கை ஊணுற இடத்துலயோ போட்டா வழுக்கும், ஓரத்து மூலைதான் சரி. முட்டி வலி இருக்கிறவங்களுக்கு 6 எம்எம் கனத்துல மேட் நல்லது, ஆனா விருக்ஷாசனம் மாதிரி ஒத்தைக் கால்ல நிக்கிறதுக்கு 4 எம்எம்தான் ஆடாது, ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் வைங்க.

கிஃப்டுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது பத்தமடை பாய். திருநெல்வேலிப் பக்கம், கோரைப்புல்லுல நெய்றது, புவிசார் குறியீடு வாங்கினது. கல்யாணத்துக்கு பொண்ணு மாப்பிள்ளை பேரையே பாய்ல நெய்து குடுக்கிற பழக்கம் அங்க இருக்கு, அதே மாதிரி ஸ்டூடியோ பேரையும் கேட்டுப் பாருங்க, பிரிண்ட் மாதிரி உரிஞ்சு போகாது. பிராணாயாமம், தியானம், சவாசனத்துக்கு அவ்ளோ சுகமா இருக்கும், நின்னு பண்ற ஆசனத்துக்கு மட்டும் டைல்ஸ் தரையில வழுக்கும், குடுக்கும்போதே சொல்லிடுங்க. கை வேலை, நேரம் எடுக்கும், ரெண்டு மூணு மாசம் முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

பட்ஜெட் கம்மியா? மஞ்சப்பை, இல்ல கை கால் எட்டாத ஆசனத்துல மாட்டிப் பிடிச்சுக்கிற 8 அடி காட்டன் பெல்ட், போதும்.

எத்தனை அடிக்கிறதுன்னு குத்துமதிப்பா முடிவு பண்ணாதீங்க, வாட்ஸப் குரூப்ல சைஸ் கேட்டு பாதி அட்வான்ஸ் வாங்கிட்டு அதுக்கு மேல 10 பீஸ் மட்டும் எக்ஸ்ட்ரா போடுங்க. முக்கியமா வருஷத்தைப் போட்டு அடிக்காதீங்க, ஜூலை வந்தா அதை யாரும் காசு குடுத்து வாங்க மாட்டாங்க.