தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு எடை ஏறவில்லையா? முதலில் கொலுசைக் கழற்றுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். கிராம் கணக்கு எங்கள் வீட்டில் தினப்படி பேச்சு. அப்படிப்பட்ட வீட்டிலேயே, மூத்தவளுக்கு ஐந்தாவது வாரத்தில் 80 கிராம் குறைந்துவிட்டது என்று சொன்ன அன்று, எடை போட்ட விதத்தைப் பற்றி யாருக்கும் யோசனை வரவில்லை. என் பாலைத்தான் சந்தேகப்பட்டார்கள். நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன். எடை பார்த்த இடத்தில், நான் பால் கொடுப்பதை ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல், பால்பவுடர் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல் குழந்தை பெற்றவர்கள் நிதானமாகப் படியுங்கள்.

அதற்கு முன் ஒன்று: எப்போது காத்திருக்கக் கூடாது

குழந்தை பால் குடிக்கவே மறுத்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், 24 மணி நேரத்தில் மூன்று நான்கு தடவைக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சல் இருந்தால், உடம்பு சில்லிட்டால், உச்சிக்குழி உள்வாங்கினால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாகத் தெரிந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108க்குக் கூப்பிடலாம். ஏற்காட்டில் இருப்பவர்கள் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வர நேரமாகும். பிறந்து 14 நாள் ஆகியும் பிறந்த எடைக்குத் திரும்பாத குழந்தையையும் தள்ளிப் போடாமல் காட்ட வேண்டும்.

படி 1: எடையைச் சரியாகப் போடுங்கள்

நாலாவது வாரம் எடை போட்டபோது என் மகள் சட்டை, துணி, கொலுசு, அரைஞாண் எல்லாம் போட்டிருந்தாள். 3,500 கிராம் என்று எழுதினார்கள். அடுத்த வாரம் அதே இடம், அதே தராசு. நல்ல வெயில் காலம் என்பதால் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டோம். 3,420. வீட்டுக்கு வந்து நான் அழுதுகொண்டிருக்க, என் மாமனார் ஒன்றும் பேசாமல் கழற்றி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். கொலுசு ஜோடி 42 கிராம். வெள்ளி அரைஞாண் 31. சட்டையும் துணியும் 95. மொத்தம் 168. அதைக் கழித்தால் நாலாவது வாரத்து உண்மையான எடை 3,332தான். அப்படியென்றால் குழந்தைக்கு எடை குறையவே இல்லை, 88 கிராம் ஏறியிருக்கிறது!

அதனால் ஒரே தராசில், துணியில்லாமல், கூடுமானவரை ஒரே நேரத்தில் எடை போடுங்கள். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் குழந்தையை வையுங்கள். ஏற்காட்டுக் குளிரில் துணி கழற்ற மனம் வராது. என் நாத்தனார் நாகலூரில் இருக்கிறாள். அவள் ஒரே துண்டைத் தனியாக எடை போட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, குழந்தையை அதில் சுற்றிப் போட்டுக் கழித்துவிடுவாள். நல்ல வழி. தினமும் எடை பார்க்காதீர்கள். ஒரு தடவை பால் குடித்ததும் ஒரு தடவை மலம் போனதுமே கணக்கை மாற்றிவிடும். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை வாரம் ஒன்று போதும்.

படி 2: எவ்வளவு ஏற வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிறந்த முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு. 7 சதவீதத்துக்கு மேல் போனால் பாலூட்டுவதைக் கவனமாகப் பார்க்க வேண்டும், 10 சதவீதத்தைத் தொட்டால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடை திரும்பிவிடும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம், அதாவது வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஏறும். பிறகு வேகம் குறையும். ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு ஆகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? என் மகளின் 88 கிராம் குறைவுதான். தராசில் தவறு நடந்ததும் உண்மை, எடை மெதுவாக ஏறியதும் உண்மை. "எடை போட்டதுதான் தப்பு" என்று நான் அன்று விட்டிருந்தால் அதுவும் தவறாகியிருக்கும்.

உங்கள் தாய் சேய் அட்டையில் வளர்ச்சி வரைபடம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோல் அது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்த குழந்தைகளை அளந்து போட்டது. ஒரு புள்ளியை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கீழ்க் கோட்டை ஒட்டியே சீராக ஏறுகிற குழந்தை வேறு, மேலிருந்து கோடு கோடாக இறங்குகிற குழந்தை வேறு. பக்கத்து வீட்டுக் குழந்தை எவ்வளவு குண்டு என்பது இதில் சேராது.

படி 3: ஒரு நாள் முழுக்கக் குறித்து வையுங்கள்

ஒரு தாளில் 24 மணி நேரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் பால், எத்தனை தடவை சிறுநீர், எத்தனை தடவை மலம். ஆரம்ப வாரங்களில் 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு தடவையாவது சிறுநீர் வெளிறிய நிறத்தில் போக வேண்டும். முதல் மாதத்தில் மூன்று நான்கு தடவை மஞ்சளாக மலம் போகும். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சில குழந்தைகள் பல நாளைக்கு ஒரு முறைதான் போகும். இளகிப் போனால் கவலையில்லை. டயப்பர் போட்டால் சிறுநீர்க் கணக்கு தப்பும், அந்த ஒரு நாள் வெறும் துணி கட்டுங்கள்.

என் தாளில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இரவு 11 மணிக்குக் கொடுத்தால் விடியற்காலை 5 மணி வரை எதுவுமே இல்லை. "சமத்தாகத் தூங்குகிறாள்" என்று வீடே மெச்சிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கவும் சேர்த்து ஏழே தடவைதான். எடை சரியாக ஏறும்வரை இரவிலும் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும்.

படி 4: குழந்தை குடிப்பதைப் பாருங்கள், கடிகாரத்தை அல்ல

குழந்தையின் தலையும் உடம்பும் ஒரே நேராக, வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டி இருக்கட்டும். கழுத்து திரும்பியிருக்கக் கூடாது. வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். நாம் குனிந்து கொடுத்தால் முதுகுதான் போகும். மோவாய் மார்பில் பதிய வேண்டும், கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும், காம்பு மட்டுமல்ல, கருவட்டத்தின் பெரும்பகுதியும், முக்கியமாகக் கீழ்ப்பகுதி, வாய்க்குள் போக வேண்டும். வலி தொடர்ந்து இருந்தால் பிடி சரியில்லை. கடைவாயில் விரல் விட்டு விடுவித்து மறுபடி வையுங்கள்.

முதலில் படபடவென்று சப்பும். பால் இறங்கியதும் மெதுவாக, ஆழமாக, சப்பு, சப்பு, விழுங்கு என்று மாறும். மோவாய் இறங்கி ஒரு கணம் நிற்கும். தொண்டையில் மெல்லிய 'க்' சத்தம் கேட்கும். அந்த நிறுத்தம்தான் வாய் நிறையப் பால் போகிறது என்பதற்கு அடையாளம். வெறுமனே வாயில் வைத்துக்கொண்டு சப்புவதைப் பால் குடிப்பதாக நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் நான்.

விழுங்குவது குறைந்ததும் மார்பைக் கையால் மென்மையாக அழுத்திப் பிடியுங்கள், மறுபடி விழுங்கத் தொடங்கும். தூங்கினால் உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள். ஒரு பக்கம் மென்மையான பிறகு அடுத்த பக்கம் மாற்றுங்கள். பத்து நிமிடம் ஆனதும் பிடுங்கி மாற்றுவது என் பழக்கமாக இருந்தது. கடைசியில் வரும் கொழுப்பான பால் அவளுக்குப் போதுமான அளவு கிடைக்காமலே போனது.

பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் ஆசையாகச் செய்து தருவார்கள். சாப்பிடுங்கள், பெற்ற உடம்புக்கு நல்ல சாப்பாடு வேண்டும். ஆனால் மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் புதிதாக ஊறும். சேலத்து வெயிலுக்குத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம்.

படி 5: முழுத் தடவையும் பார்க்கிற ஒருவரிடம் போங்கள்

இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்வது. எடையை மட்டும் பார்த்துவிட்டு ஆலோசனை சொல்பவரிடம், "நான் பால் கொடுப்பதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். கிராம சுகாதார செவிலியர், குழந்தை மருத்துவர், பாலூட்டல் ஆலோசகர், மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை என்று வழிகள் இருக்கின்றன. தடுப்பூசி போடும் புதன்கிழமை செவிலியரைப் பிடிப்பது சுலபம். படி 3இன் தாளும் எடைச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும். பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு எத்தனை கிராம் போனது என்றுகூடச் சிலர் பார்ப்பார்கள். நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருக்கிறதா, குழந்தைக்கு வேறு நோய் இருக்கிறதா, உங்களுக்குத் தைராய்டோ இரத்தசோகையோ இருக்கிறதா என்பதையும் அவர்கள்தான் சொல்ல முடியும்.

கூடுதல் பால் வேண்டும் என்று அவர்கள் சொன்னால் மறுக்காதீர்கள். பசியோடு இருக்கிற குழந்தைக்குப் பால் போய்ச் சேர வேண்டும். ஆனால் நாலு கேள்வி கேளுங்கள்: எத்தனை மி.லி., எத்தனை தடவை, எத்தனை நாளைக்கு, அடுத்த எடை எப்போது? நீங்களே பீய்ச்சிய பால்தான் முதலில். அடுத்து பால் வங்கியில் கிடைக்கும் தாய்ப்பால். அதன் பிறகுதான் பால்பவுடர். புட்டி வேண்டாம், பாலாடை (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) போதும். கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நீங்களும் பீய்ச்சுங்கள், இல்லாவிட்டால் ஊறுவது குறையும்.

எனக்கு ஒரு செவிலியர் அக்கா முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடியை மாற்றிக் கொடுத்தார். "இரவு இரண்டு தடவை எழுப்புமா, பீய்ச்சின பாலைப் பாலாடையில் மூணு வேளை கொடு, அடுத்த புதன் வா" என்றார். பவுடர் டப்பாவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த புதன்கிழமை துணியில்லாமல் போட்டோம். 3,610. வாரத்தில் 190 கிராம். மாமனார் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கொலுசை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார்.